ருத்ரா: சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்களின் 'வேத மெட்டல்'

விருத்தாசலம் என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் பழமலைநாதர் கோயில். இன்னொன்று, பீங்கான். தொழிற்பேட்டை, சூளைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் என்று ஊரின் ஒரு பகுதியே மண்ணைச் சுட்டுப் பிழைக்கிறது. இந்தக் கோயிலையும் சூளையையும் இணைக்கிற இடம் ஒன்று ஸ்ரீருத்ரத்தில் உண்டு. சிவன் கோயில்களில் அபிஷேகத்தின்போது ஓதப்படும் நமகத்தின் நான்காவது அனுவாகத்தில் தச்சர்களுக்கும் தேர் செய்பவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, அடுத்து குயவர்களுக்கும் கொல்லர்களுக்கும் வணக்கம் சொல்லப்படுகிறது. மண்ணைச் சுடுபவரும் இரும்பை அடிப்பவரும் ஒரே மூச்சில்! அதே ருத்ரத்தில் திருடர்களின் தலைவனும் அவன்தான், மருத்துவனும் அவன்தான். வில்லை ஏந்தி நிற்பவனைப் பார்த்து, அந்த வில்லைக் கொஞ்சம் தளர்த்திக்கொள் என்று கெஞ்சுவதுபோல் போகும் துதி அது. அன்பான தெய்வத்துக்கு எழுதப்பட்டது போல் இருக்காது. பயத்தில் தொடங்கித்தான் பக்திக்கு வரும்.

அந்தப் பயங்கரமான பெயரை 1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சில தமிழ் இளைஞர்கள் தங்கள் ராக் இசைக்குழுவுக்கு வைத்தார்கள். பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடியவர் கதிரேசன், ட்ரம்ஸ் சிவானந்த், கிடார் பாலா. அவர்கள் வாசித்தது மெல்லிசை அல்ல, சினிமாப் பாட்டும் அல்ல. ஹெவி மெட்டலிலேயே முரட்டுப் பிள்ளையான டெத் மெட்டல்.

மெட்டல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த இசை பிறந்ததே ஒரு தொழிற்சாலை நகரத்தில்தான். இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகரப் பட்டறையில் வேலை பார்த்த டோனி ஐயோமி என்ற இளைஞரின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. பிளாஸ்டிக் உறை செய்து விரல்களில் மாட்டிக்கொண்டு அவர் மறுபடியும் கிடாரை எடுத்தார். விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைப் பின்னாளில் தளர்த்தினார். சுருதி இறங்கியது, ஒலி கனத்தது. அவருடைய பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம் 1970இல் வந்தது. எண்பதுகளில் மெட்டாலிகா, ஸ்லேயர் போன்ற அமெரிக்கக் குழுக்கள் வேகத்தைக் கூட்டின. 1987இல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த 'டெத்' என்ற குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது பாட்டு என்பது உறுமலாகவே மாறிவிட்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து வரும் அந்த உறுமல், இரண்டு கால்களாலும் விடாமல் மிதிக்கும் டபுள் பேஸ் ட்ரம், தாழ்ந்த சுருதியில் கிடார்: இதுதான் டெத் மெட்டல். வானொலியில் ஒலிக்காது, கடைகளிலும் சுலபமாகக் கிடைக்காது. ரசிகர்கள் தபாலில் கேசட் அனுப்பி, கேசட் வாங்கித்தான் இது உலகம் சுற்றியது. சிங்கப்பூருக்கும் அப்படித்தான் வந்தது.

சிங்கப்பூருக்கும் ராக் இசைக்கும் உள்ள உறவு விசித்திரமானது. அறுபதுகளில் அங்கே கிடார் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. எழுபதுகளில் அரசாங்கம் நீளமான தலைமுடியையே எதிரியாகப் பார்த்தது. முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசு அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். 1972இல் வந்திறங்கிய லெட் செப்பலின் குழுவை ஊருக்குள் விடாமலே திருப்பி அனுப்பினார்கள். தொண்ணூறுகளில் இந்தச் சந்தேகம் வேறு வடிவம் எடுத்தது. கச்சேரிகளில் ரசிகர்கள் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆடும் 'ஸ்லாம் டான்ஸ்' தடை செய்யப்பட்டது. ஆனால் அதே காலத்தில்தான் சில ஜன்னல்களும் திறந்தன. நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் தெருவில் தொடங்கிய 'சப்ஸ்டேஷன்' கலை மையம் தன் பின்புறத் தோட்டத்தை ராக் குழுக்களுக்கும் கொடுத்தது. 'பிக் ஓ' என்ற பத்திரிகை உள்ளூர்க் குழுக்களைப் பற்றி விடாமல் எழுதியது. ஆங்கிலப் பாட்டுக் கேட்கும் ஒரு சிறு கூட்டம் 'நம்ம ஊர்க் குழு' என்று சொல்லப் பழகியது அப்போதுதான்.

அந்தக் கூட்டத்திலும் மெட்டலுக்குத் தனி மூலை. அந்த மூலையில் பெரும்பாலும் மலாய் இளைஞர்கள். ராக் கேட்டு முடி வளர்க்கும் மலாய்ப் பையன்களுக்கு 'மாட் ராக்' என்று ஒரு கேலிப்பெயரே இருந்தது. இந்தியர்கள் அந்த நாட்டில் 1990 கணக்கெடுப்பின்படி 7 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த 7 சதவீதத்துக்குள் தமிழர்கள் பெரும்பான்மை என்றாலும், அவர்களின் இசை என்பது கோயில், பரதநாட்டிய அரங்கேற்றம், அதைவிட அதிகமாகச் சென்னையிலிருந்து வரும் சினிமாப் பாட்டு. டெத் மெட்டல் வாசிக்கும் தமிழ்ப் பையன் மெட்டல் கூட்டத்துக்குள் சிறுபான்மை, தமிழ்க் கூட்டத்துக்குள் புரியாத ஜந்து. ருத்ரா முளைத்தது இரண்டு பக்கமும் சொந்தமில்லாத அந்த இடுக்கில்தான்.

1994இல் ஒரு டெமோ கேசட் வெளிவந்தது. பிறகு குழு கலைந்தது, மறுபடியும் கூடியது. 1998இல்தான் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம். ஆறு வருடம் என்பது பள்ளி, தேசிய சேவை என்று வாழ்க்கை நகரும் சிங்கப்பூரில் ஒரு ராக் குழுவுக்குப் பெரிய ஆயுள். பெரும்பாலான குழுக்கள் அதற்குள் ஓய்ந்துவிடும். ருத்ராவிலும் கிடார் கலைஞர்கள் வந்து போனார்கள். கதிரேசனும் சிவானந்தும்தான் நிலையாக இருந்தார்கள்.

2001இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் 'தி ஆரியன் குருசேட்'. தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் புருவம் உயரும். ஆரியம் என்ற சொல்லுக்கு இங்கே நூறாண்டு அரசியல் எடை இருக்கிறது. ஐரோப்பியரின் காதில் அதே சொல் ஹிட்லரின் குரலில் விழும். மெட்டல் உலகத்தில் நாஜி அடையாளங்களோடு விளையாடும் குழுக்களும் இருப்பதால் சந்தேகம் இன்னும் கூடும். வேதாந்தம் படித்தவர்களுக்கோ அது 'மேன்மையான' என்று பொருள் தரும் பழைய சமஸ்கிருதச் சொல். குழு வேதாந்தத்தின் பக்கம் நின்று அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆனால் சொல்லை எடுப்பவர் எந்தப் பொருளில் எடுத்தாலும், கேட்பவர் தன் ஊரின் பொருளில்தான் கேட்பார். தமிழ்க் குழு ஒன்று இப்படி ஒரு தலைப்பைச் சென்னையில் வைத்திருக்க முடியுமா என்பது சந்தேகமே. சிங்கப்பூரின் தூரம் அவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தையும் கொடுத்தது, அந்தக் கவனமின்மையையும் கொடுத்தது என்று சொல்லலாம்.

2003இல் 'குருக்ஷேத்ரா' வந்தது. மெட்டலுக்குப் போர்க்களம் பிடித்த விஷயம். நார்வேக்காரர்கள் வைக்கிங் போர்களைப் பாடிக்கொண்டிருந்தபோது இவர்களிடம் பதினெட்டு நாள் போர் ஒன்று தயாராக இருந்தது.

இனி முக்கியமான கேள்வி. இந்த இரண்டும் எப்படி ஒட்டின?

இதற்கு விருத்தாசலத்துச் சூளைகளிடமே பாடம் கேட்கலாம். பீங்கான் பாத்திரத்தின் மண் உடல் மேல் பளபளப்புக்காக ஒரு பூச்சு பூசிச் சுடுவார்கள். கிளேஸ் என்பார்கள். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது உடலும் பூச்சும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்க வேண்டும். பூச்சு அதிகமாகச் சுருங்கினால் மேலே மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடும். குறைவாகச் சுருங்கினால் செதில் செதிலாக உரியும். சூளைக்குள் இருக்கும்போது எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஆறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

'ஃப்யூஷன்' என்ற பெயரில் வரும் பல முயற்சிகளுக்கும் நேர்வது இதுதான். மேற்கத்திய இசை கார்டுகளின் நகர்வில் நிற்கிறது. அடியில் இருக்கும் ஸ்வரக்கூட்டம் மாறிக்கொண்டே போகும். நம் இசை அசையாத ஒரு ஷட்ஜத்தின் மேல் நிற்கிறது. கார்டு மாறியதும் தம்பூராவோடு முட்டிக்கொள்ளும். முட்டாமல் இருக்க ராகத்தை இஸ்திரி போட்டு மட்டமாக்குவார்கள். அல்லது ஒரு நிமிடம் கிடார், ஒரு நிமிடம் வீணை என்று முறைவைத்துக் கொள்வார்கள். முதல் கேட்பில் நன்றாக இருக்கும். நாலாவது கேட்பில் விரிசல் தெரியும்.

மெட்டல் இந்த விஷயத்தில் மற்ற மேற்கத்திய இசைகளிலிருந்து வேறுபட்டது. கிடாரின் ஒலியை மின்னணுக் கருவியால் சிதைத்துக் கரகரப்பாக்கும்போது முழு கார்டு வாசித்தால் சேறாகக் குழம்பிவிடும். அதனால் நடு ஸ்வரத்தை விட்டுவிட்டு இரண்டே ஸ்வரங்களை வைத்துக்கொள்வார்கள். 'பவர் கார்டு' என்று பெயர். என்ன அந்த இரண்டு ஸ்வரம்? ஷட்ஜமும் பஞ்சமமும். தம்பூராவில் மீட்டப்படுவதும் அதே சவும் பவும்தான்! தவிர, மெட்டல் கிடாரின் வாசிப்பு தாழ்ந்த தந்தியை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு சிறு ஓட்டம், மறுபடி அதே தந்தி. ஆதார சுருதிக்குத் திரும்பித் திரும்பி வரும் பழக்கம் அதற்கும் உண்டு.

ஸ்வரங்களும் அப்படியே. டெத் மெட்டல்காரர்கள் இருட்டான ஒலிக்காகத் தேடிப்போகும் ஃப்ரிஜியன் என்ற அளவுகோலின் ஸ்வரங்களே நம் ஹனுமத்தோடி. அதில் காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் வகுளாபரணம், அதுவும் மெட்டலில் அடிக்கடி வரும். நிஷாதத்தையும் உயர்த்தினால் மாயாமாளவகௌளை. (அவர்களுக்கு அது திகில் ஒலி. நம் வீடுகளில் எட்டு வயதுக் குழந்தை சரளி வரிசை கற்றுக்கொள்வதே அதில்தான்.) ஸ்வரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது. கமகமும் பிடிகளும் இல்லாமல் தோடி தோடியாகாது. ருத்ரா ராக ஆலாபனை செய்யவும் இல்லை. ஆனால் உடலும் பூச்சும் சேர்ந்து சுருங்கும் அளவுக்கு இரண்டு இசைக்கும் அடிப்படை உறவு இருந்தது. இன்னொன்று, கரகரப்பாக்கிய கிடாரில் ஒலி சீக்கிரம் சாகாது. இழுத்து நெளிக்கலாம். சாதாரண மாண்டலினில் ஒலி உடனே மடிந்துவிடும் என்பதால்தான் மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் கர்நாடக இசை வாசித்தார். நீண்டு நிற்கும் ஒலி இல்லாமல் கமகம் இல்லை.

ருத்ராவின் பெரிய சாதனை 2005இல் தொடங்கிய மூன்று ஆல்பங்களின் வரிசை. 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' (2005), 'பிரம்மவித்யா: டிரான்செண்டெண்டல் ஐ' (2009), 'பிரம்மவித்யா: இம்மார்ட்டல் ஐ' (2011). கடைசியில் வரும் 'ஐ' என்பதை ரோமன் எண் ஒன்று என்று நினைத்தால், மூன்று ஆல்பத்துக்கும் ஏன் ஒன்று என்று குழப்பம் வரும். அது எண் அல்ல. 'நான்'. ஆதியான நான், கடந்து நிற்கும் நான், அழிவில்லாத நான். அத்வைதத்தின் கேள்வியே இந்த 'நான்' யார் என்பதுதானே. 2009 ஆல்பத்தில் ஆதிசங்கரருக்கு வணக்கம் சொல்லும் பாடல் உண்டு, கீதை சொல்லப்பட்ட தேரை நினைவூட்டும் பாடல் உண்டு, அவதூதனைப் பற்றியும் அஷ்டாவக்கிரரைப் பற்றியும் பாடல்கள் உண்டு. எட்டுக் கோணலோடு பிறந்து ஜனகரின் சபையையே தலைகுனிய வைத்த அஷ்டாவக்கிரரின் கதை டெத் மெட்டலுக்கு எவ்வளவு பொருத்தம்! சாத்தானையும் பிணங்களையும் சுற்றிவந்த ஓர் இசையில், மரணம் யாருக்கு என்ற உபநிஷத்துக் கேள்வியைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஓதலும் உறுமலும் சேருமா என்பது அவ்வளவு சுலபமாகத் தீராத கேள்வி. வேத ஓதலுக்குக் கடுமையான இலக்கணம் உண்டு. தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி எழுத்து, ஸ்வரம், மாத்திரை, பலம், சாமம், சந்தானம் என்று ஆறு விஷயங்களைச் சொல்கிறது. உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்ற ஏற்ற இறக்கம் பிசகினால் பொருளே பிசகும் என்பது மரபு. டெத் மெட்டலின் உறுமலுக்கோ சுருதியே கிடையாது. ஏற்ற இறக்கத்தைக் காட்ட அதில் இடமில்லை. மரபாகக் கற்றவர் ஒருவர் இதைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. மறுபக்கம், ருத்ரம் துதிக்கும் தெய்வத்தின் பெயரிலேயே கதறல் இருக்கிறது என்பதும் உண்மை. ருத் என்ற வேர்ச்சொல்லுக்கு அழுவது, அலறுவது என்று பொருள் சொல்வார்கள். சாந்தமான குரலில் மட்டும்தான் அவனைக் கூப்பிடலாமா என்று இவர்களும் கேட்கலாம். ஆல்பங்களைக் கேட்கும்போது ஒன்று தெரிகிறது: ஓதலை ஓதலாகவே விட்டு, அதற்குக் கீழே கிடார்கள் மெல்ல எழும்பும் இடங்களே மிக வலுவானவை. சமஸ்கிருதத்தை உறுமலுக்குள் தள்ளும் இடங்களில் சொல் தேய்ந்துபோகிறது.

கதிரேசன் வேதாந்தத்தை மேடை அலங்காரத்துக்காகப் பிடித்துக்கொண்டவர் இல்லை. முறையாகப் படித்தவர். பிற்காலத்தில் தியானப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவராகவும் அந்தத் துறையில் நூல் எழுதியவராகவும் அறியப்பட்டார். இந்தப் படிப்பு இல்லாவிட்டால் இந்த இசை நெற்றியில் விபூதி பூசிய வேடமாக முடிந்திருக்கும்.

சரி, இதைக் கேட்டவர்கள் யார்? பெரிய கேசட் கம்பெனி பின்னால் இல்லை, வானொலியும் இல்லை. ரசிகர்கள் ஒரே ஊரில் திரளவில்லை, உலகமெங்கும் துளித்துளியாகச் சேர்ந்தார்கள். கேசட் பரிமாற்றமும், நகலெடுத்துத் தைத்த ரசிகர் பத்திரிகைகளும் முதலில். பிறகு இணையம். சமஸ்கிருதமோ தமிழோ தெரியாத ஐரோப்பியர்கள் பாடல் வரிகளைப் படித்து உபநிஷத்து என்றால் என்ன என்று தேடிப்போகும் அளவுக்கு விநோதமான ரசிகர் கூட்டம் அது. 'வேத மெட்டல்' என்ற பெயர் ஒரு தனி வகையாகவே நிலைத்தது. நேபாளத்தின் காத்மாண்டுவில் 'டையிங் அவுட் ஃப்ளேம்' என்ற குழு 2014இல் 'சிவ ருத்ராஷ்டகம்' என்ற பெயரில் டெத் மெட்டல் ஆல்பம் வெளியிட்டது. செக் நாட்டின் 'கல்ட் ஆஃப் ஃபயர்' குழு 2013இல் தேவநாகரி எழுத்திலேயே தலைப்பு வைத்து ஓர் ஆல்பம் கொண்டுவந்தது. சிங்கப்பூரின் 'வோர்ம்ராட்' என்ற மெட்டல் குழு 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடைவரை போனது. தொண்ணூறுகளில் தோட்டத்தில் வாசித்த தலைமுறை இல்லாமல் அது நடந்திருக்காது.

இந்தியாவில் இந்தக் கலவை வேறு பாதைகளில் வந்தது. கொச்சியின் மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட 'மக்தூப்' ஆல்பத்தில் பைஜு தர்மஜன் கிடாரில் கர்நாடக நெளிவுகளைக் கொண்டுவந்தார். டெல்லியில் 2016இல் தொடங்கிய பிளட்டிவுட் குழு தோலும் பஞ்சாபி மெட்டும் ராப்பும் கலந்து, 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் வாசித்தது, 2022இல் 'ரக்ஷக்' ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. யூடியூப் காலத்தின் குழந்தை அது, வேகமாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் மெட்டலுக்கு ரசிகர்கள் இல்லாமல் இல்லை. 2009இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஸ்வீடனின் ஓபெத் குழு வாசித்தது. அயர்ன் மெய்டன் 2007இல் பெங்களூருக்கு வந்தது. ஆனால் இங்கே கிடார் கற்றுக்கொள்ளும் பையனின் கனவு கடைசியில் சினிமா ஸ்டூடியோவில்தான் போய் முடியும். சினிமா எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும், மெட்டல் கிடாரையும்கூட, வில்லன் வரும் காட்சிக்கு!

சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜீன் தைரியநாதன் 2009இல் ஓர் ஆய்விதழில் ருத்ராவைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட விஷயம் அடையாளம்: வேத மெட்டலும் சிங்கப்பூரின் தென்னிந்தியச் சமூகமும். அங்கேதான் தமிழ் வாசகருக்கு ஒரு நெருடல் வரும். குழுவின் பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சமஸ்கிருதத்திலும். தமிழ் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று, வீட்டிலும் பள்ளியிலும் உள்ள மொழி. அது ஏன் இந்த இசைக்குள் வரவில்லை? சமஸ்கிருதம் உலக ரசிகனுக்கு மர்மமாகவும் தொன்மையாகவும் ஒலிக்கும், தமிழ் அவனுக்கு முகவரி தெரியாத மொழி என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வேதாந்த நூல்களின் மொழி அதுதான் என்பது இன்னும் நேரான காரணம். ஆனால் சிவனைப் பாட, அதுவும் அனலேந்திச் சுடுகாட்டில் ஆடும் சிவனைப் பாட, காரைக்கால் அம்மையாரின் தமிழைவிட டெத் மெட்டலுக்குப் பொருத்தமான மொழி எங்கே கிடைக்கும்? பேய்களுக்கு நடுவில் தானும் ஒரு பேயாக இருந்து பாடியவர் அவர். அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

ருத்ரா அதன்பிறகும் நிற்கவில்லை. 2013இல் 'ருதா', 2016இல் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'. இரண்டாவது பெயர் துவைதத்தின் பகைவன் என்று நேராகவே அத்வைதத்தைச் சொல்கிறது. 2022இல், குழுவுக்கு முப்பது வயதானபோது, 'எய்ட் மகாவித்யாஸ்' வந்தது. தாந்திரீக மரபில் மகாவித்யைகள் பத்து. இவர்கள் எடுத்துக்கொண்டது எட்டு.